நாலே கால் மணிப் பனி

எங்கள் தோட்டத்தில் இப்போது கொழுந்தை யாரும் கையால் கிள்ளுவதில்லை. மெஷின்தான். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். வெட்டுப்படும் கொழுந்து பின்னால் நீளமாகத் தொங்கும் பையில் போய் விழும். பை தரையில் இழுபடாமல் தூக்கிக்கொண்டு மூன்றாவது ஆள் வருவார். இடது பக்கம் நான். வலது பக்கம் என் மனைவியின் அண்ணன். பை தூக்குகிறவர் தோட்டமே மாமா என்று கூப்பிடும் மனிதர். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ஒரு வருடமும் பேசிக்கொண்டேதான் இருப்பார்.

என் மச்சான் எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர். ஒன்பது வருடமாக அவர்தான். மனைவி இறந்து, மகள் கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிறகு, வேலை முடிந்தால் அவருக்கு இருப்பது அந்தத் திடல் ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டங்களுக்கிடையிலான கிண்ணத்தின் அரையிறுதி எங்கள் திடலில் நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிப்பதற்குள் எங்கள் தோட்டத்தில் நாற்பது பயிற்றுநர்கள் உண்டாகிவிட்டார்கள்.

"கோல் அடிக்கிறவன பெஞ்சுல உக்கார வச்சிட்டு, ஓட முடியாதவனையெல்லாம் படாங்குல விட்டா எங்கருந்து ஜெயிக்கிறது?" என்றார் மாமா.

"அவரு என்னலா பண்ணுவாரு? பனி வந்து கீப்பர் கண்ண மறைச்சிருச்சு. நம்ம நேரம்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"நேரமாவது மண்ணாவது! எதிர்க்க நின்ன கீப்பருக்கு மட்டும் பனி இல்லையா?"

"அந்தப் பக்கம் வெயில் அடிச்சிச்சுய்யா. நீ ஆட்டத்தத்தான் பாத்தியா, இல்ல கச்சான் கடல தின்னுகிட்டு இருந்தியா?"

இப்படி ஒரு பாதி 'கோச் தப்பு' என்றது. இன்னொரு பாதி 'அதிர்ஷ்டம் இல்லை' என்றது. இவர்கள் சனிக்கிழமைதோறும் ஒட்டுக்கடை தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டம் பார்த்துவிட்டு அங்குள்ள பயிற்றுநருக்கும் இதே போலத் தீர்ப்புச் சொல்கிறவர்கள்தான். அவருக்கு அது கேட்காது, அதனால் அவர் பிழைத்தார். என் மச்சான் மூன்றடி தள்ளி நின்று மெஷினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம், பயிற்றுநரை மாற்றுவதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவெடுப்பது என்றும் அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

இரண்டு கட்சிக்கும் தெரியாத ஒன்று எனக்கும் மச்சானுக்கும் தெரியும்.

எங்கள் திடலின் ஒரு கோல் கம்பம் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இருக்கிறது. மற்றது ஆற்றுப் பக்கம், பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. சாயங்காலம் கீழே ஏரியிலிருந்து ஏறிவரும் பனி முதலில் ஆற்றுப் பக்கக் கோலைத்தான் மூடும். தொழிற்சாலைப் பக்கம் வர நேரமாகும். சில நாள் வராமலே போய்விடும். நடுவர் பனிக்காக ஊதி நிறுத்தமாட்டார். எங்கள் மலையில் அப்படி நிறுத்த ஆரம்பித்தால் ஓர் ஆட்டமும் முடியாது.

ஆட்டத்துக்கு முந்திய வாரம் மச்சான் என்னிடம் கேட்டார்.

"மாப்ள, தினம் சாயங்காலம் ஆத்துப் பக்கம் பனி எத்தன மணிக்கு ஏறுதுன்னு பாத்துச் சொல்றீங்களா? வேற யாருக்கும் தெரிய வேணாம்."

ஆறு நாள் வேலை முடிந்து வந்து திடல் ஓரத்தில் நின்று பார்த்தேன். ஒரு நாள் ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தது. ஒரு நாள் ஐந்து பத்துக்கு வந்தது. மற்ற நாளெல்லாம் ஐந்தை ஒட்டியே வந்தது. சொன்னேன். அவர் யோசித்து ஒரு திட்டம் போட்டார். நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கும். முதல் பாதியில் ஆற்றுப் பக்கத்தை நாம் எடுத்துக்கொண்டு, எல்லாரும் பின்னால் நின்று கோல் விழாமல் காக்க வேண்டும். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். ஐந்து மணிக்குப் பனி ஏறும்போது எதிரணிக் கீப்பர் அதற்குள் நிற்பார். அப்போது புதுக் காலோடு நம் நேப்பாளத்துத் தொழிலாளியை இறக்க வேண்டும். அவர் இடது காலால் பாதித் திடலிலிருந்து அடிப்பார். பந்து பனிக்குள்ளிருந்து வெளியே வரும்போதுதான் கீப்பருக்குத் தெரியும்.

நல்ல திட்டம். இன்றைக்கும் சொல்வேன், நல்ல திட்டம்.

காசும் எங்களுக்கே விழுந்தது, ஆற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டோம். பனி நாலே காலுக்கு வந்தது. எங்கள் கீப்பர் மேல்தான் வந்தது. இரண்டு பந்தும் உள்ளே போன பிறகுதான் அவருக்குச் சத்தம் கேட்டது. இடைவேளைக்குக் காற்று மாறி, பனி கலைந்து, ஆட்டம் முடியும் வரை வெயில் அடித்தது. இறங்கிய நேப்பாளத்துக்காரர் ஒன்று அடித்தார். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. மற்றதையெல்லாம் எதிரணிக் கீப்பர் பருந்து போலப் பார்த்துப் பிடித்தார்.

செவ்வாய்க்கிழமை மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றும்போது, மாமா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து மச்சான் சொன்னார்: "பனி பாத்த விஷயத்த யாருகிட்டயும் சொல்லாதீங்க மாப்ள. அப்புறம் உங்களப் புடிச்சிக்குவானுங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் அவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை இரவு மழை பெய்திருந்தது. தகரக் கூரையில் விடிய விடிய அடித்தது. மழை பெய்த மறுநாள் பனி முந்திக்கொண்டு வரும். முப்பது வருடமாக இந்தச் சரிவில் நடக்கிறவனுக்கு அது கடிகாரம் பார்க்காமலே தெரியும். பார்த்த ஆறு நாளும் காய்ந்த நாள். அவர் மணி கேட்டார், நான் மணி சொன்னேன். அதுகூடப் பரவாயில்லை. ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு திடல் ஓரத்துக்கு வந்தவன், கீழே பள்ளத்தில் பனி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காசு சுண்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. போய் ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மச்சானைச் சுற்றி ஆட்டக்காரர்கள் நின்றார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நின்றார், தோட்ட மேனேஜர் துரையும் வந்திருந்தார். எனக்குக் கூட்டத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டதால்தான் அப்படி என்று பல வருடம் நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் மாமாவும் ஆறாம் வகுப்புதான். நான் தண்ணீர்க் கேனை இறக்கி வைத்துவிட்டு, குவளைகளை வரிசையாக அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினேன். விசில் ஊதிவிட்டார்கள்.

ஆக, அது தந்திரத்தின் தப்பும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஒரு வாரம் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும்? மெஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மாமா பேசுவது மட்டும் கேட்கும். "நானா இருந்தா முதல் நிமிஷமே அந்த நேப்பாளத்துக்காரன இறக்கியிருப்பேன்!" என்று பையைத் தூக்கிக்கொண்டு கத்துவார். மச்சான் திரும்பியே பார்க்கமாட்டார். "கொஞ்சம் கீழ புடிங்க மாப்ள" என்று மட்டும் கையைக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு பாட்டு.

"எங்கண்ணன ஆளாளுக்கு மெல்றாங்க. நீங்க பக்கத்துலதானே நிக்கிறீங்க? அதிர்ஷ்டம் சரியில்லன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள் மனைவி.

"அதிர்ஷ்டம் இல்ல."

"அப்ப அவரு தப்புன்றீங்களா?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்னதான்? பந்தா வந்து சொல்லும்?" என்று அவள் சட்டியை நங்கென்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். கிராணிதான் குழுவின் தலைவர். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரே விஷயம். கோச்ச மாத்தணுமா, வேணாமா?" என்றார். பெரட்டில் பேசியதையே மறுபடி முதலிலிருந்து பேசினார்கள். மாமா இரண்டு தடவை எழுந்தார். மச்சான் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். அவருடைய ஒன்பது வருடத்தையும் கை தூக்கி எண்ணப் போகிறார்கள்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"பனி எப்ப வரும்னு பாத்துச் சொன்னது நானு" என்றேன்.

"சத்தமா!" என்றார்கள்.

சொன்னேன். ஆறு நாள் பார்த்ததைச் சொன்னேன். திட்டத்தைச் சொன்னேன். மழை பெய்ததையும், பள்ளத்தில் பனி உட்கார்ந்திருந்ததையும், பார்த்துவிட்டும் வாய் திறக்காமல் குவளை அடுக்கியதையும் சொன்னேன். என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மச்சான் மேல என்னா பாசம்யா! பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க!"

கைதட்டினார்கள். கிராணி, "பெரிய மனசு மாப்ளைக்கு. உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

"நெசமாத்தான் சொல்றேன்" என்றேன்.

"தெரியும், தெரியும். உக்காருங்க."

யாரோ என் நாற்காலியை நிமிர்த்தி வைத்துத் தோளைத் தட்டினார்கள். அதற்குள் மறுபடியும் தொடங்கிவிட்டது.

"பனியக்கூட பாத்துப் பாத்துத் திட்டம் போட்டிருக்காரு. அப்படியும் தோத்தா அது அதிர்ஷ்டம்தானே?"

"பனிய நம்பி எவனாவது டீம் போடுவானா? இதான் தந்திரமா?"

நான் சொன்னதை இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி கிழித்துக்கொண்டார்கள். கை தூக்கச் சொன்னார் கிராணி. அதிர்ஷ்டக் கட்சிக்கு நாலு கை அதிகம். மச்சானே தொடரலாம் என்றார்.

அப்போதுதான் மச்சான் எழுந்தார்.

"அதிர்ஷ்டம் இல்லாதவன்னு பாவம் பாத்து வைக்கிறதா இருந்தா எனக்கு வேணாம். போன வருஷம் கிண்ணம் எடுத்தமே, அதுவும் அதிர்ஷ்டமா? மழ பேஞ்சத நான் யோசிச்சிருக்கணும், யோசிக்கல. அது என் தப்பு. தப்பு பண்ணுனவன்னு எழுதுங்க, திருத்திக்கிட்டுத் தொடர்றேன். இல்லன்னா விட்ருங்க."

கிராணி நோட்டைப் பார்த்தார். "துரதிர்ஷ்டம்னு எழுதிட்டேனே. பேனாவுல எழுதுனது, இனிமே அடிக்கக் கூடாது" என்றார்.

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தொடர்வதாகவும் சொல்லவில்லை, விலகுவதாகவும் சொல்லவில்லை. மனைவி வழியெல்லாம் என்னிடம், "நல்லாத்தான் பேசினீங்க, ஆனா அந்தக் குவள கதைய விட்டிருக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டாவது வரிசையின் நடுவில் மச்சான் மெஷினை நிறுத்தினார். பை பாதிதான் நிறைந்திருந்தது.

"நேத்து சொன்னீங்களே. பள்ளத்துல பனியப் பாத்தேன்னு. நெசமா?"

"நெசம் மச்சான்."

"காசு சுண்டுறதுக்கு முந்தியா?"

"முந்திதான்."

"ஏன் சொல்லல?"

"உங்களச் சுத்தி ஆளுங்க இருந்தாங்க."

அவர் என்னையே பார்த்தார். இருபது வருடமாக என்னை 'வாங்க, போங்க' என்று பேசியவர்.

"ஆளுங்க இருந்தாங்களா? பத்தடி! பத்தடி நடந்து வந்து என் காதுல சொல்ல முடியல உன்னால? ஆறு நாளு வேல மெனக்கெட்டுப் பாத்துட்டு, ஏழாவது நாளு தண்ணி ஊத்திக்கிட்டு நின்னியா? ஒரு வாரமா நான் வாங்குன பேச்செல்லாம் யாருக்கு? அடுத்த ஆட்டத்துல துரை நிக்கட்டும், ராஜாவே நிக்கட்டும், ஓடி வந்து சொல்லணும். புரியுதா?"

அடுத்த ஆட்டம் என்று அவர் சொன்னதில்தான் அவர் விலகப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியதுதான். ஒரு வாரமாக விலாசம் தப்பி வேறு ஆளிடம் போய்க்கொண்டிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். இன்னும் திட்டினால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தார்.

"விடுப்பா, விடு. மாப்ளயப் போயி ஏன் திட்டுற? எல்லாம் அதிர்ஷ்டம்னு நேத்தே முடிவு பண்ணியாச்சில்ல..."

"அதிர்ஷ்டம் இல்ல மாமா!" என்று நான் கத்தினேன். கீழ் வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நான் பாத்தேன்! பாத்துட்டு சொல்லல! சும்மா இருங்க!"

மச்சான் கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினார்.

"சரி, சரி" என்றார் மாமா, அந்தச் சத்தத்துக்கும் மேலாக. "அதுக்கு ஏன் கத்துறீங்க? மெதுவா சொன்னாலே எனக்குக் கேக்கும்லா."