தொட்டிக்குள் பொம்மைகள்

ஸ்காபரோ மண்டபமொன்றில் கைவினைச் சந்தை. நான் தைத்த துணிப் பொம்மைகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அருகே கதிரையில் அம்மா. திடீரென்று தீ மணி அலறியது.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி வீட்டில் ஆறு வயதில் கேட்ட அதே அலறல். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு வந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மறுநாள் தேவாலயச் சந்தையில் விற்பதற்காக அம்மா தரையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் விளக்கை அணைத்தார். என்னையும் பொம்மைகளையும் வாரிக்கொண்டுபோய்க் குளியல் தொட்டிக்குள் படுத்து, மேலே மெத்தையை இழுத்துப் போட்டார்.

"சத்தம் போடாதை பிள்ளை. பொம்பர் போகட்டும்."

என் வாயைப் பொத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வெளியே எல்லோரும் படியிறங்கி ஓடுவது கேட்டது. ஊரில் பொம்பர் விமானம் குண்டு போடும்போது பதுங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். கொஞ்ச நேரத்தில் புகை மணத்தது. அப்போதும் அம்மா அசையவில்லை.

பிறகு கதவு உடையும் சத்தம். கனத்த சப்பாத்துகள் நெருங்கி வந்தன. முகமூடி போட்ட தீயணைப்புக்காரன் ஒருவன் மெத்தையைத் தூக்கினான். ஆமிக்காரன் என்று நினைத்து அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒரு கையில் தலையில்லாத பொம்மை இருந்தது.

"எழும்பு பிள்ளை."

கண்ணைத் திறந்தேன். மேசைக்குக் கீழே, பொம்மைகளை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தேன். மண்டபம் காலியாகியிருந்தது. அம்மா குனிந்து கையை நீட்டினார்.

"உது நெருப்பு மணி. உதுகளை விட்டிட்டு வெளியில வா."

அவருடைய கை விரிந்தபடி காத்திருந்தது. என் விரல்கள்தான் விரிய மறுத்தன.