கொக்கி முனையில் நீல இழை

யார் வீட்டுக்குப் போனாலும் துணியைத் திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்கு. திரைச்சீலையோ மெத்தை விரிப்போ, கை தானாகப் போய்ப் பின்பக்கத்தைப் புரட்டிவிடும். பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓடுகிற வீட்டில் பிறந்ததால் வந்த வியாதி. தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு இந்த வியாதிக்குச் சம்பளமே கிடைக்கிறது. எங்கள் அதிகாரி என்னை "லுங்கி மேடம்" என்று கிண்டல் செய்வார். நானும் சளைத்தவள் இல்லை. அவர் ஆசை ஆசையாக வாங்கிய 'சுத்தமான காட்டன்' சட்டையில் பாதிக்குமேல் பாலியஸ்டர் என்று எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்திருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு. அதன் காவலாளியை யாரோ மண்டையில் அடித்துப் போட்டுவிட்டுச் செம்புக் கம்பிச் சுருள்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காவலாளி பிழைத்துக்கொண்டார், ஆனால் அடித்தது யார் என்று அவருக்கு நினைவில்லை. முந்தின நாள் அவரோடு வாய்ச்சண்டை போட்ட ஒரு லோடுமேனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்த ஆள் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியின் முனையில் நீல நிற இழைகள் ஒட்டியிருந்தன. காவலாளி அன்று தலையோடு போர்த்தியிருந்தது நீலப் பூப்போட்ட போர்வை. வழக்கில் இருந்தது அவ்வளவுதான். இழையும் போர்வையும் ஒன்று என்று நான் எழுதிக் கொடுத்தால், அந்த மனிதனின் கதை முடிந்தது.

வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, அரக்கு முத்திரை குத்திய இரண்டு பார்சல்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்றில் கொக்கி, மற்றதில் போர்வை. இரண்டு நூலும் பருத்தி. கண்ணுக்கு நிறமும் ஒன்றேதான்.

"ரெண்டும் காட்டன், ரெண்டும் ப்ளூ. ஒத்துப்போகுதுன்னு எழுதிட்டுக் கெளம்புங்க, திருவள்ளூர் ட்ரெயின் போயிடப் போகுது" என்றார் அதிகாரி.

பொய் சொல்வானேன், எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த ரயிலை விட்டால் மணவாள நகர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். ஆனால் போர்வையை மடித்து வைக்கும்போது கை வழக்கம்போல அதைப் புரட்டிவிட்டது. பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. அச்சுப் போட்ட துணி!

அச்சுத் துணியில் சாயம் மேலேதான் நிற்கும். நூலைப் பிரித்தால் இழைகள் திட்டுத் திட்டாக, பாதி நீலமும் பாதி வெள்ளையுமாக இருக்கும். கொக்கியில் ஒட்டியிருந்த இழைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒவ்வொன்றும் நுனி முதல் நுனி வரை முழு நீலம். நூலாக இருக்கும்போதே சாயத்தில் முக்கி, அப்புறம் நெய்த துணி. உறுதி செய்யத்தான் மைக்ரோஸ்கோப் வேண்டும், சந்தேகப்படுவதற்கு எங்கள் ஊர்க்காரி ஒருத்தி போதும். ரயில் போனால் போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அதிகாரி வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"சரி, போர்வை இல்ல. வேற துணியால தொடச்சிருக்கான்னு சொல்லுவாங்களே. இது எங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னாத்தான் நிக்கும்."

நியாயமான பேச்சு. அனுமதி வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி காவல் நிலையத்துக்கே போனேன். கொக்கியைக் கைப்பற்றிய ஏட்டையா டீ வாங்கிக் கொடுத்தார். கொக்கியை எடுத்ததிலிருந்து பார்சல் தைக்கிறவரை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா மேடம் பண்ணேன்... பைக்ல மாட்டிக்கினு வந்தேன். முனை தொடையில குத்திக்கினே இருந்துச்சு. அதான் வண்டி தொடைக்கிற துணிய அது மேல சுத்திக்கினேன். இங்க வந்து அத்த அவுத்துப் போட்டுட்டு, ரூல்படி வெள்ளத்துணியில தச்சேன்."

"அந்தத் துணி எங்க?"

"வண்டியிலதான் கீது."

சீட்டுக்கு அடியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கிழிந்த லுங்கித் துண்டு வந்தது. திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே நீலம். சந்தோஷமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின.

"ஒரு மனுஷன் மாசக்கணக்கா உள்ள கெடக்குறாரு. நீங்க சுத்தின துணிக்காக!" என்று கத்திவிட்டேன். நிலையமே திரும்பிப் பார்த்தது.

ஏட்டையா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் மழுப்பியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கோர்ட்டுல நானே சொல்றேன் மேடம். எனக்கு இன்னா ஆனாலும் பரவால்ல" என்றார். அந்த நிமிடமே அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. முறைப்படி கைப்பற்றி அனுப்பப்பட்ட அந்தத் துண்டை ஆய்வகத்தில் சோதித்தேன். அதன் இழையும் சாயமும் கொக்கியில் இருந்ததோடு அப்படியே பொருந்தின.

திருவள்ளூர் நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் என்னை விடவில்லை. "நீலம் நீலம்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நீதிபதியிடம் அனுமதி கேட்டு, போர்வையை விரித்துத் திருப்பினேன். பக்கத்திலேயே லுங்கித் துண்டையும் திருப்பினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இது எனக்கே தெரியுதேம்மா" என்றார்.

அடுத்துக் கூண்டில் ஏறிய ஏட்டையா ஒரு வார்த்தை பிசகாமல் உள்ளதைச் சொன்னார். லோடுமேன் விடுதலையானார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதிகாரி போனில் கூப்பிட்டு, "லுங்கி மேடம், ஜெயிச்சுட்டீங்க" என்றார். அந்தப் பெயர் முதல்முறையாக எனக்குப் பிடித்திருந்தது.

சில மாதங்கள் கழித்து வேறொரு சாட்சியத்துக்காக அதே நீதிமன்றம் போயிருந்தேன். அன்றுதான் லோடுமேனுக்கு அவர் கொக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏட்டையாவும் இருந்தார். வெளியே வந்ததும் லோடுமேனின் மனைவி பையிலிருந்து ஒரு நீலத் துணியை எடுத்துக் கொக்கி முனையில் பரபரவென்று சுற்றினார்.

"பஸ்ல யாருக்காச்சும் குத்தப் போவுது."

ஏட்டையா விறைத்துப்போய் என்னைப் பார்த்தார். என் கை சும்மா இருக்குமா? துணியின் முனையைப் புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் வெளுத்திருந்தது.

"பிரிண்ட்" என்றேன்.

முதலில் சிரித்தது ஏட்டையாதான். லோடுமேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மதிய ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவியோடு பஸ் பிடிக்க ஓடினார்.