ஏசுதாஸ் நீட்டிய எடைச் சீட்டு

ஏசுதாஸ் இருபத்து நான்கு வருஷம் டீசல் டிப்பர் ஓட்டியவர். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்குவாரியில் ஜல்லி ஏற்றிப் படூர் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார். லாரி போவது அவருடைய ஊர் நடுவேதான். கொடியில் காயும் துணியெல்லாம் கரியாகிறது என்று பெண்கள் வாசலுக்கே வந்து திட்டுவார்கள். அவர் மனைவி ஹெலனுக்குப் பதில் சொல்லி மாளாது.

போன வருஷம் குவாரி முதலாளி அருணகிரி மூன்று பேட்டரி லாரிகள் வாங்கினார். புகை இல்லை, இரைச்சல் இல்லை. டீசலுக்கு ஆன செலவில் பாதிகூடக் கரண்டுக்கு ஆகவில்லை. ஏசுதாஸ் முதல்முறையாக ஊருக்குள் தலைநிமிர்ந்து வண்டி ஓட்டினார்.

மழைக்குப் பிறகுதான் வினை தெரிந்தது. பேட்டரியால் காலி வண்டியே பழையதைவிட இரண்டரை டன் கூடுதல். முதலாளியோ ஜல்லியைப் பழைய அளவுக்கே ஏற்றினார். பஞ்சாயத்து ரோடு அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. சக்கரத் தடம் பள்ளமாக இறங்கியது. மாமல்லபுரத்தில் ஹோட்டல் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பொன்னி, ஒருநாள் காலை அந்தப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். பின்னால் லோடோடு வந்த ஏசுதாஸ்தான் ஓடிப்போய்த் தூக்கினார். கால் முறிந்திருந்தது.

"பொக இல்லன்னு நாங்கதானண்ணா சந்தோஷப்பட்டுகினு இருந்தோம்," என்றாள் வலியில் பல்லைக் கடித்தபடி. "ரோடு இன்னா கதியா கீது பாரு."

அன்றே ஏசுதாஸ் முதலாளியிடம் போனார். "மூணு டன் கொறச்சி ஏத்தலாம் சார். ரோடு ஒடையுது."

"கொறச்சா ட்ரிப்பு கூடும். அந்த வண்டி வெல இன்னான்னு தெரியுமா உனக்கு? ரோட்டுக்கு வரி கட்றேன்ல, கவர்மெண்டு போடட்டும்."

ஊர் சாலையை மறித்தது. விசாரிக்க வந்த அதிகாரியிடம், எல்லாம் சட்டப்படிதான் ஓடுகிறது என்றார் அருணகிரி. ஏசுதாஸ் சட்டைப் பையிலிருந்த எடை மேடைச் சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

"நான்தான் சார் ஓட்னேன். ஒவ்வொரு லோடும் எத்தினி டன் ஓவருன்னு இதுல கீது."

பாரத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஏசுதாஸின் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. "இத்தினி நாளு ஓட்டிட்டு இப்ப நல்லவனா?" என்று ஊரிலேயே சிலர் கேட்டார்கள். அது அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

இப்போது செய்யூரில் சவுக்குக் கட்டை ஏற்றும் ஒரு பழைய டீசல் லாரி ஓட்டுகிறார். பொன்னி காலைத் தாங்கித் தாங்கிப் பஸ்ஸுக்கு நடக்கிறாள். ரோட்டில் மண் கொட்டிப் பள்ளத்தை மூடியதோடு சரி.

"சீட்ட குடுத்தது தப்புன்னு தோணுதா?" என்று ஹெலன் ஒருநாள் கேட்டாள்.

"ஒரு மாசம் முன்னாடி குடுத்திருந்தா அந்தப் பொண்ணு வுழுந்திருக்காது," என்றார் ஏசுதாஸ்.