நண்டு தூக்கின பெருமை

ஊற்று நண்டை உள்ளங்கையில் வைத்தால் முதலில் குளிர்ச்சிதான் தெரியும். பிறகுதான் அதன் கால்கள் ஒவ்வொன்றாக விரலிடுக்குகளில் குறுகுறுவென்று வழி தேடத் தொடங்கும். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய ஒரு தோட்டத்தில், என் எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை அந்தக் குளிர்ச்சி எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை பறிபோனபோது நான் செய்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் "லயத்துக்கு", அதாவது ஒற்றையறை வீடுகள் ஒட்டிக்கட்டிய வரிசைக்கு, தண்ணீர், தேயிலை மலைக்கும் மேலே வெட்டாமல் விட்டிருந்த ஒரு துண்டுக் காட்டிலிருந்து வந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு குழி, அதற்குள் ஊற்றுக்கண். அங்கிருந்து மூங்கில் வழியாக இறங்கி, லயத்தோரத்துப் "பீலி"யில் தண்ணீர் விழும். அந்தக் காட்டில் விறகு வெட்டக் கூடாது, குழியருகே எச்சில் துப்பக் கூடாது, விளக்கு வைத்த பிறகு குடத்தோடு யாரும் மேலே ஏறக் கூடாது என்று பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். "பகல்ல நமக்கு, பொழுது சாஞ்சா மரைக்கும் மொயலுக்கும்" என்பார்கள். தோட்டமும் காடும் எவருடையதோ, எங்களுக்குத் தெரியாது, கட்டுப்பாடு எங்களுடையது. துரை போட்ட சட்டத்தை மீறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இதை மீறியவர்களை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கட்டுப்பாடு நண்டைப் பற்றியது. நண்டுகள் உள்ளே வளை தோண்டிக்கொண்டே இருப்பதால்தான் ஊற்றுக்கண் அடைபடாமல் இருக்கிறது என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். "நண்டு போனா தண்ணி போச்சு" என்பது லயத்துச் சொல். ஆற்று நண்டைப் பிடித்து ரசம் வைத்துக் குடிப்பவர்கள்கூட ஊற்று நண்டைத் தொடமாட்டார்கள். மாசி மாதத்தில், தண்ணீர் குறைந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயமே மண்வெட்டியோடு ஏறிப் போய்க் குழியைத் தூர்வாரும். அதற்கு முன்னால் ஒரு பிள்ளை பாறை இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, நண்டுகளையும் தவளைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, ஈரப்பாசி பரப்பித் தண்ணீர் ஊற்றிய வாளியில் விட வேண்டும். வேலை முடியும் வரை வாளிக்கு நிழலில் காவல் இருந்து, கடைசியில் அவற்றைக் குழிக்குள்ளேயே திரும்பவும் விட வேண்டும். இதற்கு "நண்டு தூக்குறது" என்று பெயர்.

நண்டு தூக்கின பிள்ளை கையால்தான் முதல் குடம் தண்ணீர் மாரியம்மன் கோயிலுக்குப் போகும். அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு: அடுத்த மாசி வரை அந்த வீட்டார் பீலியில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விடிகாலையில் ஆள் பெயர் கூப்பிடும் "பெரட்டு"க்கு ஓடுவதற்கு முன் பீலியில் நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மூன்று வருஷம் என் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி எல்லோரையும் தாண்டிப் போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன், நிற்பவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே.

பதினோரு வயதில் என் தோள் பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். லயமே சிரித்தது, என் அம்மாவும்தான். கோயில் காரியத்தையும் ஊற்றுக் காரியத்தையும் பார்த்துவந்த தலைவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "ஒனக்கு தோளு அகண்டுருச்சு புள்ள. இனி புஷ்பம் எறங்கட்டும்."

புஷ்பம் எங்கள் அறைக்கு மூன்று காம்பரா தள்ளிக் குடியிருந்தவள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். முந்தின வருஷந்தான் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அவள் குடும்பம் வந்திருந்தது. நேற்று வந்தவள், ஊற்று எந்தப் பக்கம் என்று நான் கைகாட்டித் தெரிந்துகொண்டவள், என் குழிக்குள் இறங்கப்போகிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயில் வாளி ஒழுகியது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய் வேறு வாளி எடுத்துவரும்படி என்னைத்தான் அனுப்பினார்கள். மடுவத்தில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்று குடிதண்ணீர் வாளி. மற்றது, கொழுந்தில் கொப்புளம் விழாமலிருக்க மழைக்காலத்தில் செடிகளுக்கு நீல மருந்து அடிப்பவர்களுடையது. அதன் அடியில் மருந்து காய்ந்து பொருக்காய் ஒட்டியிருந்தது. நான் மருந்து வாளியைத் தூக்கினேன். வாடை தாங்காமல் நண்டுகள் வாளியை விட்டு ஏறி ஓடும், புஷ்பம் அவற்றைத் துரத்திக்கொண்டு காடு முழுக்கத் திரிவாள், என்னைப் பார்த்துச் சிரித்த வாயெல்லாம் அவளைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான் என் எண்ணம். நீலம் தெரியாதபடி பாசியையும் நானே கனமாகப் பரப்பினேன். கோபமில்லாமல் வேலை செய்கிறேனே என்று இரண்டு பெண்கள் என்னை மெச்சினார்கள்.

ஒரு நண்டும் ஓடவில்லை. தூர்வாரி முடித்து வாளியைப் பார்த்தபோது தவளைகள் மல்லாந்து கிடந்தன; நண்டுகளைத் தூக்கினால் கால்கள் தொங்கின. ஒருத்தி, புஷ்பம்தான் வாளியை வெயிலில் வைத்திருப்பாள் என்றாள். அதுவே தீர்ப்பாகிவிட்டது. நிழலில்தான் வைத்தேன், நிழலில்தான் வைத்தேன் என்று புஷ்பம் சொல்லச் சொல்ல, அவள் அம்மா ஒரு தேயிலை மிலார்க் குச்சியை ஒடித்து எல்லோர் முன்னாலும் அவளை அடித்தாள். நான் வாளியைக் கழுவி மடுவத்தில் வைத்துவிட்டு வந்தேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி வேலை செய்தது.

அன்றிலிருந்து பீலியில் புஷ்பத்தின் வீட்டுக்குத்தான் கடைசிக் குடம். எல்லோரும் பிடித்து முடித்த பிறகு அவள் அம்மா தண்ணீர் பிடித்து, பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சு வாங்குவாள். வரிசைக்கு நடுவில் நின்று அதைப் பார்த்த எனக்குப் பயம் இருந்தது, பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இவள் இனி நண்டு தூக்க மாட்டாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, ஆற்றில் போய்ச் சேரும் ஓடைகளுக்கு இறங்கிப் போவாள். இரண்டோ மூன்றோ நண்டைப் பிடித்து, ஈரத்துணி போட்டு மூடி, அட்டைக்கடியோடு மலையேறி வந்து குழிக்குள் விடுவாள். மழைக்காலத்திலும் நிறுத்தவில்லை. முதலில் கேலி செய்தவர்கள் மெல்ல மெல்ல அவளுக்கு வழிவிட்டார்கள். ஐப்பசி வாக்கில் என் அம்மாவே, "பொறந்தா புஷ்பத்தப் போல ஒரு புள்ள பொறக்கணும்" என்று சோறு போடும்போது என் முகத்துக்கு நேரே சொன்னாள். கொன்றவள் நான், பேர் வாங்குகிறவள் அவள். குற்ற உணர்ச்சி வர வேண்டிய இடத்தில் எனக்கு அதுவும் பொறாமையாகத்தான் வந்தது.

மறு மாசியில் புஷ்பம்தான் இறங்கினாள். அவள் தூக்கிக் கொடுத்த நண்டு ஒன்றின் அடிவயிற்றில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். அவள் செய்த தப்புக்கு அவளே பரிகாரம் செய்துவிட்டாள் என்று சொல்லி, தலைவர் முதல் குடத்தை அவள் தலையில் தூக்கி வைத்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"நண்ட கொன்னது அவ இல்ல, நாந்தான். அது மருந்து வாளி" என்றேன்.

உண்மை பொறுக்காமல் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தப்பே செய்யாதவளுக்குப் பரிகாரம் எதற்கு, அந்தப் பேரைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் சொன்னேன். நடந்தது வேறு. தப்பே செய்யாத பிள்ளை, கெட்ட பேரையும் சுமந்துகொண்டு ஒரு வருஷம் நண்டு சுமந்திருக்கிறது என்று லயமே அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தது. அவள் அம்மா மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

புஷ்பம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "எங்கம்மா என்னைய அடிக்கிறப்ப நீ பாத்துக்கிட்டுத்தானேக்கா நின்ன?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவேயில்லை.

கடைசிக் குடம் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு வருஷம் அம்மா எல்லோருக்கும் பின்னால் நின்றாள். அவள் என்னை அடிக்கவில்லை, அடித்திருக்கலாம்.

பின்னால் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட, இந்தியாவுக்குப் போன குடும்பங்களில் புஷ்பத்துடையதும் ஒன்று. ஹட்டன் ஸ்டேஷனுக்கு லொறி ஏறுவதற்கு முன் புஷ்பம் வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். எங்கள் வாசலில் அம்மா நின்றாள். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, உள்ளே நின்ற என்னைப் பார்க்காமலே அடுத்த வாசலுக்குப் போய்விட்டாள்.

வெகுகாலமாக நான் ஹட்டன் டவுனில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சாவு வீட்டுக்காக அந்தத் தோட்டத்துக்குப் போனேன். துண்டுக் காடு இருந்த இடத்தில் யூகலிப்டஸ் வரிசையாக நிற்கிறது. தண்ணீர் எங்கோ கட்டிய தொட்டியிலிருந்து குழாயில் வருகிறது, வராத நாளில் தண்ணீர் வண்டி, பவுசர், வருமாம். வாசலில் உட்கார்ந்திருந்த இளம்பெண்கள் பேச்சுக் கொடுத்தார்கள். அவள் பேரையாவது அங்கே ஒருத்தர் வாயில் விட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. முழு மனதோடு, பொறாமையில்லாமல், வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொன்னேன்: "புஷ்பம்னு ஒரு புள்ள இருந்துச்சு. நான் கெடுத்த ஊத்த அவதான் காப்பாத்துனா."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு இருந்தவள் மரியாதையாகக் கேட்டாள்: "எந்த ஊத்துங்க?"