சித்தியின் வேகம்

பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்கும் என் சித்தி, கடலில் மட்டும் எப்படி என்னைவிட வேகமாகப் போகிறாள்? சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போனவள், அந்தக் கோடை லீவு முழுக்க சித்தியைத் துப்பறிந்துகொண்டிருந்தேன்.

சித்தி அம்மாவின் தங்கை. வேலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பொங்கல் முடிந்த கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் உழவர்கரை வீட்டுக்கு வந்தவள், வைகாசி பிறந்தும் திரும்பிப் போகவில்லை. லீவுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு மாதம், அவளுக்கு மட்டும் நாலு மாதமா என்று பொறாமையாக இருந்தது. வாரம் தவறாமல் அப்பா சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சை எடுப்பார். சித்தப்பா வீட்டிலிருந்து போன் வந்தது, எத்தனை நாளைக்கு இப்படி, நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்பார். அம்மா தலையை ஆட்டுவாள். சித்தி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நான் அழுது அடம்பிடித்து சர்ஃபிங் வகுப்பில் சேர்ந்தபோது, தனியாக அனுப்ப முடியாது, சித்தியும் கூடப் போகட்டும் என்றார் அப்பா. காலை ஆறு மணிக்கெல்லாம் ஸ்கூட்டியில் பிள்ளைச்சாவடிக் கரைக்குப் போய்விடுவோம். முதல் இரண்டு நாள் அவள் மணலில் உட்கார்ந்து என் செருப்புக்குக் காவல் இருந்தாள். மூன்றாம் நாள், சொல்லிக்கொடுக்கும் அண்ணன், சும்மா இருப்பதற்கு நீங்களும் இறங்குங்களேன் என்று ஒரு பலகையை நீட்டினார். சுடிதாரோடேயே இறங்கினாள். ஒரே வாரம், என்னை முந்திவிட்டாள்.

சர்ஃபிங் என்றால் பலகையில் ஏறி நிற்பது என்று நினைத்துத்தான் நான் போயிருந்தேன். நிற்பது கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். மற்ற நேரமெல்லாம் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரை இழுத்துக்கொண்டே போக வேண்டும். வேகம் போதவில்லையென்றால் அலை நம்மை ஏற்றிக்கொள்ளாமல் போய்விடும், நிறுத்தத்தில் நிற்காத பஸ் மாதிரி. எனக்கு ஒன்றும் சரிவரவில்லை. பின்னால் தள்ளிப் படுத்தால் பலகையின் மூக்கு வானத்தைப் பார்த்தது. முன்னால் நகர்ந்தால் மூக்கு தண்ணீரில் குத்தி, நான் உப்புத் தண்ணீர் குடித்தேன். துணி துவைக்கிறவள்போலக் கடலைப் போட்டு அடித்தேன். அடிக்காதே, கையை ஆழமாக விட்டு இடுப்புவரைக்கும் இழு என்று சொல்லிச் சொல்லி அண்ணனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சித்தி எப்படிப் படுக்கிறாள் என்று பார்த்தேன். நெஞ்சு நிமிர்ந்திருக்கும், முகவாய் உயர்ந்திருக்கும், கால்கள் இரண்டும் ஒட்டியிருக்கும். கை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போகும். முதுகில், தோளுக்குக் கீழே, ஒரு நீளத் தழும்பு இருந்தது. ஈரச் சட்டைக்குள் அது தெரிந்தபோது, பலகை இடித்ததா சித்தி என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நன்றாக இடி வாங்கினால்தான் கற்றுக்கொள்ள முடியும்போல என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக் கூடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் குப்புறப் படுத்துக் காற்றை இழுத்து இழுத்துப் பழகினேன். வேகம் கூடத்தான் செய்தது. ஆனாலும் சித்திக்கும் எனக்கும் நடுவே நாலு பலகை தூரம் அப்படியே இருந்தது. அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கை போடும்போதும் சித்தியின் உதடு அசைகிறது! அடிப்பாவி, இதை எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறாளே என்று வயிறெரிந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்லடி, மூச்சு வாங்குது" என்றாள்.

விடுவேனா? காற்றில்லாத ஒரு காலையில், அலை உடையும் இடத்தைத் தாண்டி அவள் கொஞ்சம் தளர்ந்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கேட்டுவிட்டது. வலக்கை போடும்போது, நான். இடக்கை போடும்போது, போமாட்டேன். நான், போமாட்டேன். நான், போமாட்டேன்.

போய்க்கொண்டே போகமாட்டேன் என்பது விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் வகுப்பில், மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் அந்த வகையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நானும் சொல்லிப் பார்த்தேன். ஒரு கைக்குச் சின்னச் சொல், மறு கைக்கு நீளச் சொல் என்பதால் பலகை கோணலாகப் போனது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும். தலை நிமிர்ந்ததும் நெஞ்சும் நிமிர்ந்தது, கை ஆழமாகப் போனது. அடேயப்பா, பலகை பறந்தது.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பாவும் அவருடைய அம்மாவும் தட்டு நிறையப் பழமும் பூவுமாக வீட்டுக்கு வந்தார்கள். சித்தியின் பை காலையிலிருந்தே கூடத்து மூலையில் தயாராக இருந்தது. அடுக்கி வைத்தது அம்மா. காபி குடித்து முடித்த பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. பெரியவர்களுக்குப் பேச்சு நின்றுபோனால் எங்கள் வீடுகளில் பிள்ளையைக் கூப்பிட்டு எதையாவது செய்து காட்டச் சொல்வார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கடல்ல இன்னா கத்துக்கிட்டேன்னு சித்தப்பாவுக்குக் காட்டு பாப்பா."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவையே எழுப்பிவிட்டுக் குப்புறப் படுத்தேன். நெஞ்சை நிமிர்த்தி, காலை ஒட்டி, வலக்கை, இடக்கை. நான், போமாட்டேன். நான், போமாட்டேன். சித்தப்பாவின் அம்மா முதலில் சிரித்தார். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். ஒரு கையை நீட்டிச் சமையலறை வாசலைக் காட்டினேன்.

"சித்திதான். இப்படிச் சொன்னாத்தான் வேகமா போவ முடியும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி காலி தம்ளர்களோடு நின்றிருந்தாள். அது ஏதோ விளையாட்டுக்கு என்று அப்பா இழுத்தார். சித்தி தம்ளர்களைக் கீழே வைத்தாள். முகவாய் உயர்ந்தது.

"வெளையாட்டு இல்ல மாமா. நான் போமாட்டேன்."

சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்துபோய் மூலையிலிருந்த பையை எடுத்து, உள்ளறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். நான் இன்னும் பெஞ்சில்தான் கிடந்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. கடைசியில் கால் விரிந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். வந்தவர்கள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் மாம்பழம் இருந்தது, அந்த வருத்தம் வேறு.

மறுநாள் காலை கடலுக்குப் போனோம். நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கை போட்டேன். மூன்று பலகை தூரமானது, இரண்டானது, ஒன்றானது. சித்தியைத் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு அசையவேயில்லை. பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தபடி மெதுவாக வந்துகொண்டிருந்தாள். ரகசியத்தை என்னிடம் பறிகொடுத்துவிட்டதால் அவள் வேகம் போய்விட்டது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. சீக்கிரம் வா என்று கத்தினேன்.

"எனக்கு அவசரமில்லடி. நீ போ" என்றாள்.

நான்தான் ஜெயித்தேன் என்று அன்று முழுக்க வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தியும் ஆமாம் ஆமாம் என்றாள்.