சாயத் தொடங்கிய தட்டு

அவளைக் கூட்டாளிகள் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் சிறியவள், பயந்த சுபாவமும்கூட. ரேடியோ வானியலில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும், லாரி ஓட்டும் அப்பா, "ரேடியோ ரிப்பேருக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய படிப்பு?" என்றார். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராயும் படிப்பு என்று விளக்கினாள். தலையை ஆட்டினார்.

இரண்டாம் ஆண்டில் செய்முறைக்காகத் தொலைநோக்கி நிலையத்தில் தங்கினாள். அங்கே மூன்று மாடி உயரத்தில் ஒரு பெரிய உலோகத் தட்டு வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். அதன் நடுவில், அலைகளை வாங்கும் இடுப்பளவு கூம்பு. போன் அலைகள் இடைஞ்சல் என்று வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கட்டுப்பாட்டு அறையும் ஜன்னல் இல்லாத இரும்பு அறை. கதவை மூடினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது.

ஒருநாள் காலை, மழை விட்டதும் கூம்பின் மூடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தட்டில் ஏறுகிறவர், அதைச் சாய்க்கும் மோட்டாரின் சாவியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. தட்டை இயக்கும் ஆபரேட்டர் அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். துடைத்துவிட்டு உடனே இறங்கிவிடலாமே என்று சாவியை விட்டுவிட்டு ஏறினாள்.

பாதி துடைத்திருப்பாள். காலுக்கடியில் மோட்டார் உறுமியது.

தட்டு சாய்ந்தது. வாளி உருண்டோடி விளிம்பைத் தாண்டி மறைந்தது. அது தரையில் மோதிய சத்தம் கேட்டது.

"அக்கா! நிறுத்துங்க! நான் மேல இருக்கேன்!"

எவ்வளவு கத்தியும் இரும்பு அறைக்குள் கேட்கவில்லை. ஈரத் தகட்டில் கால் வழுக்க, கூம்பைக் கட்டிப் பிடித்துத் தொங்கினாள். பயத்தில் வேறெதுவும் ஓடவில்லை. கன்னம் மூடியில் அழுந்திய பிறகுதான் உறைத்தது: இந்தக் கருவி குளிர்ந்த வானத்தைப் பார்ப்பது, மனித உடம்பின் சூடு அதற்கு அடுப்பு மாதிரி. உள்ளே திரையில் கோடு எகிறியிருக்குமே!

ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையையும் தலையையும் மூடியின்மேல் வைத்தாள், எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள்.

உள்ளே கோடு துள்ளுவதைப் பார்த்த ஆபரேட்டர் அக்கா முதலில் கருவிதான் மக்கர் செய்கிறது என்று நினைத்தாராம். ஆனால் ஒரே மாதிரி ஏறி இறங்கியதும் சந்தேகம் வந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"அய்யோ, நீயாடி! விட்டுடாத கண்ணு! மெதுவா நிமிர்த்துறேன்!"

"போகாதீங்கக்கா!"

"உள்ள போனாத்தான்டி நிமிர்த்த முடியும்!"

அவர் மறுபடி உள்ளே ஓடினார். மோட்டார் திரும்பவும் உறுமியபோது முன்னைவிட அதிகமாகப் பயந்தாள். தட்டு நிமிர்ந்த பிறகும் கூம்பிலிருந்து கைகளைப் பிரிக்க முடியவில்லை. அக்காதான் ஏறிவந்து விரல் விரலாகப் பிரித்தார். திட்டினார், பிறகு அவரே அழுதார்.

தட்டுக்கு ஏறும் ஏணிக்கு இப்போது பூட்டு போட்டிருக்கிறார்கள். சுண்டெலி பல வாரங்கள் கட்டில் விளிம்பைப் பிடித்தபடிதான் தூங்கினாள். படிப்பை விட்டுவிடவில்லை, நல்ல மதிப்பெண்ணோடு தேறி, வேறொரு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்பவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அதன் பிறகு தட்டில் மட்டும் இன்றுவரை ஏறியதில்லை.