துரைசாணி விழுந்த மாடி

போடியிலிருந்து ஜீப்பில் இரண்டு மணி நேரம் ஏறினால் என் மைத்துனரின் ஏலத்தோட்டம் வரும். அதன் நடுவே ஒரு கல்வீடு பாழடைந்து நிற்கிறது. ஸ்காட்லாந்துக்காரத் துரை ஒருவர் தன் நாட்டுக் கோட்டைவீடுகளைப் போலவே கட்டியது. மாடிக்கு ஓர் அறையாக மூன்று மாடி, அம்பு விடுவதற்கென்றே ஒடுங்கிய சன்னல்கள். இந்த மலையில் அவரைத் தாக்க வந்தவை அட்டைகள் மட்டும்தான்.

போன ஆவணியில் அங்கே போனபோது மழை பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்தின் கல்கூரை உறுதியாகவே இருந்தது. ஆனால் காய் எடுக்கும் பெண்கள் ஏழு பேரும் சாக்கைத் தலையில் போட்டபடி வெளியே நனைந்தார்கள்.

"காய்ச்சல்ல பாதிப் பேரு படுத்துட்டாக. உள்ள ஒதுங்குங்கன்னா கேக்குறாகளா, மச்சான்?" என்றார் மைத்துனர்.

"எப்படிண்ணே போறது? துரைசாணி மேல் மாடியிலருந்து விழுந்து செத்த எடமாச்சே. பச்சைக் கவுனு போட்டு நிப்பாளாம். பக்கத்துல நாயும் நிக்குமாம்" என்றாள் அவர்களில் மூத்தவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கவுனும் நாயும் யாருடைய கைவண்ணமோ தெரியாது. துரைசாணி என்னுடையவள்.

நான் வருவாய் ஆய்வாளராக இருந்த காலத்தில் இந்தக் கட்டடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொன்னார்கள். அன்றும் மழை. அடிவாரத்து டீக்கடையிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தேன். மேலே போகாததற்குக் காரணம் காட்ட வேண்டுமே! 'துரைசாணி ஒருத்தி மாடியிலிருந்து விழுந்து இறந்தபடியால் உள்ளூரார் எவரும் உடன்வர மறுக்கின்றனர்.' துரைக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அதே கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தை எந்த மேலதிகாரியும் படிப்பதில்லை. என்னுடன் வந்திருந்த தலையாரிக்கு அதைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் எல்லாத் தோட்டத்துக்கும் போய்வருகிறவர்.

"அந்தக் கதையை எழுதினதே நான்தாம்மா. முழுப் பொய்" என்றேன்.

"எழுதுனது நீங்களா இருக்கலாம் சார். எங்க சின்னம்மா கண்ணால பாத்திருக்கே."

அறிக்கையைத் திருத்த விதி உண்டு. சின்னம்மாவைத் திருத்த இல்லை.

"பொய்யின்னா நீங்க போயி உக்காருங்க, பாப்போம்."

போய் உட்கார்ந்தேன். மேலே படபடவென்று சத்தம்.

"என்னா சார் அது?"

"வௌவால்."

"மொதல்ல அப்படித்தான் கேக்குமாம்" என்றவள், வாசலுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டித் தன் கூடையை உள்ளே வைத்தாள். "காய் நனையக் கூடாதுல்ல." மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

மழை விட ஒரு மணி நேரமானது. நானும் ஏழு கூடைகளும் நனையவில்லை.